எற்பாடு காணாத கடல்

நிலத்தைத் திணைகளாகப் பகுத்து, ஒவ்வொன்றுக்கும் பெரும்பொழுதும் சிறுபொழுதும் வகுத்த நம் முன்னோர், பனிக்கென்று ஒரு நிலத்தை வகுத்தாரில்லை. முன்பனி, பின்பனி என இரு பருவங்களை அவர்கள் கூறினர் எனினும், அப்பனி விடியலில் புல்லின் நுனியில் நின்று, வெயில் ஏற மறையும் துளியேயாகும். மலையாகவும், ஆறாகவும், கடலின்மேல் இட்ட கூரையாகவும் கிடக்கும் பனியை அவர்கள் அறிய வேண்டிய தேவை எழவில்லை. நெய்தல் நிலத்தாராகிய எமக்கும் அத்தேவை நெடுங்காலம் எழுந்ததில்லை. தமிழ் கற்பித்து ஓய்வு பெற்று, வடசென்னையின் விம்கோ நகரில் வாழ்ந்துவரும் யாம், 2025ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் வடதுருவத்தை அடுத்த ஸ்வால்பார்டு தீவுகளைச் சுற்றிவரும் கப்பலில் ஏழு நாள்கள் விடுமுறையாகக் கழித்து மீண்டோம். அப்பயணத்தில் கண்டவற்றையும் எண்ணியவற்றையும் மாணவச் செல்வங்களோடும் சான்றோர்களோடும் பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஊரும் அழைப்பும்

எம் ஊரின் பெயர் ஒரு தீப்பெட்டித் தொழிற்சாலையின் பெயர். ஸ்வீடன் நாட்டார் 1923ஆம் ஆண்டில் இந்தியாவில் தொடங்கிய 'வெஸ்டர்ன் இந்தியா மேட்ச் கம்பெனி' என்னும் நீண்ட பெயரின் சுருக்கமே 'விம்கோ'. கிழக்கே கடல், கடலையொட்டிக் கன்டெய்னர் லாரிகள் இரவும் பகலும் ஊர்ந்து செல்லும் எண்ணூர் விரைவுச்சாலை, மேற்கே இரயில் பாதை, 2021ஆம் ஆண்டு முதல் மெட்ரோ இரயிலும் வந்து சேர்ந்தது. தெற்கே இராயபுரமும் காசிமேடும் துறைமுகமும். வடக்கே எண்ணூர் முகத்துவாரமும் அனல் மின்நிலையங்களும். எரிப்பதற்குரியவை வந்திறங்குவதும், எரிந்தவை சாம்பலாகப் படிவதும் எம் கரையின் அன்றாட வரலாறு. இதனை ஈண்டுக் குறிப்பிடுவதற்குக் காரணம் உண்டு. பனிக்கடலுக்குச் சென்றபோதும் எரிபொருளின் கதையே எம்மைப் பின்தொடர்ந்தது.

எம் தம்பி மகன் நார்வே நாட்டில் பொறியாளராகப் பணிபுரிகிறான். "பெரியத்தா, வாழ்நாளெல்லாம் பிள்ளைகளுக்கு ஐந்திணை சொன்னீர்கள், ஆறாவது திணை ஒன்றைக் காட்டுகிறேன், பெரியம்மாவோடு வாருங்கள்" என்று அவன் அழைத்தான். செலவு முழுவதும் அவனுடையது. இருப்பினும் யாம் உடனே இசையவில்லை. எம் மஹல்லாவின் பெரியவர் ஒருவர், "இந்தத் தொகையில் எத்தனைப் பிள்ளைகளுக்குக் கல்லூரிக் கட்டணம் கட்டலாம்! இது வீண்விரயம் ஆகாதா?" என்று வினவினார். அவ்வினா நியாயமானது. மறுநாள் அவரே வந்து, "போவதென்று முடிவானால் வெறுங்கையோடு திரும்பாதீர், பார்த்ததைப் பிள்ளைகளுக்கு எழுதிக் கொடும்" என்றார். அக்கட்டளையின் பேரில் எழுந்ததே இக்கட்டுரை.

மற்றொரு வினாவும் எம்முடன் கப்பலேறியது. எம் தெருவுக்குக் கிழக்கே குப்பத்தில் வாழும் மூத்த மீனவர் ஒருவர், வலையைச் செப்பனிட்டவாறே எம் செய்தியைக் கேட்டுக்கொண்டிருந்தார். கரடியைப் பற்றியோ குளிரைப் பற்றியோ அவர் கேட்கவில்லை. "அங்க கடல்ல எண்ணெ ஊத்திக்கிச்சின்னா யாரு பாய் வந்து அள்ளுவாங்க?" என்றார். 2017ஆம் ஆண்டு ஜனவரி 28ஆம் நாள் எண்ணூருக்கு அப்பால் இரு கப்பல்கள் மோதிக்கொண்டு, கரியநிற எரியெண்ணெய் கரையெங்கும் ஒதுங்கியபோது, அதனை வாளியால் அள்ளியவர்களுள் அவரும் ஒருவர்.

அறிவுப் பயணமும் உல்லாசப் பயணமும்

துருவப் பகுதிக்கு இன்பச் சுற்றுலாவாகச் செல்லும் வழக்கம் மிகப் பழையதன்று. தென்துருவப் பகுதிக்கு 1966ஆம் ஆண்டில் சுற்றுலாப் பயணிகளைக் கப்பலில் அழைத்துச் சென்றவர்களுள் குறிப்பிடத்தக்கவர் லார்ஸ் எரிக் லிண்ட்பிளாட் என்பவர். ஸ்வீடனில் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்தவர் அவர். சிறிய கப்பலில் அறிஞர்களையும் உடன் அழைத்துச் சென்று, பகலில் கரையிறங்கிக் காண்பதும், மாலையில் விரிவுரை கேட்பதுமாக அவர் அமைத்த முறையே இன்றளவும் பின்பற்றப்படுகிறது.

நம் நாட்டவருக்குத் துருவம் அறிமுகமானது வேறு வழியில். 1981ஆம் ஆண்டு டிசம்பர் 6ஆம் நாள் 21 பேர் கொண்ட குழு, 'போலார் சர்க்கிள்' என்னும் நார்வேக் கப்பலில் கோவாவிலிருந்து புறப்பட்டு, 1982ஆம் ஆண்டு ஜனவரி 9ஆம் நாள் அண்டார்டிகாவில் கால் பதித்தது. இந்தியாவின் அந்த முதற்பயணத்துக்குத் தலைமை தாங்கியவர் கடலறிஞர் டாக்டர் சையத் ஜஹூர் காசிம். அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழகத்தில் பயின்ற அவர், பிற்காலத்தில் தில்லி ஜாமியா மில்லியா இஸ்லாமியாவின் துணைவேந்தராகவும் விளங்கினார். அதனைத் தொடர்ந்து தட்சிண கங்கோத்ரி, மைத்ரி, பாரதி என மூன்று நிலையங்கள் அங்கே எழுந்தன. அவற்றுள் முதலாவது பனியில் புதையுண்டு கைவிடப்பட்டது. ஆய்வுக்காகச் சென்ற அச்சான்றோர்களின் வழி வேறு. ஒருவார விடுமுறைக்குச் சென்ற எம் வழி வேறு. எனினும், கண்டு வந்ததைக் கற்பிக்கும் கடமை இருவருக்கும் பொதுவெனக் கருதினோம்.

நிலக்கரி ஊரில் இறங்கியது

ஆஸ்லோ நகரிலிருந்து ஏறத்தாழ மூன்று மணிநேர வானூர்திப் பயணத்தில் லாங்யியர்பியன் என்னும் ஊரை அடைந்தோம். சென்னை வடக்கு 13 பாகையில் உள்ளது. அவ்வூரோ 78 பாகையில் உள்ளது. மரம் என்று சொல்லத்தக்க ஒன்று கண்ணுக்கெட்டியவரை இல்லை. ஊரைச் சூழ்ந்த மலைச்சரிவுகளில் பழைய மரத்தூண்கள் வரிசையாக நின்றன. அவை என்னவென்று வினவியபோது, சுரங்கத்திலிருந்து நிலக்கரித் தொட்டிகளைக் கம்பிவழியே இறக்கிய தூண்கள் என்றனர். 1906ஆம் ஆண்டில் லாங்யியர் என்னும் அமெரிக்கர் நிலக்கரி வெட்டுவதற்காக ஏற்படுத்திய ஊர் அது. அவர் பெயரே ஊர்ப்பெயராயிற்று. ஆலையின் பெயரைத் தாங்கிய ஊரிலிருந்து சென்ற எமக்கு, முதலாளியின் பெயரைத் தாங்கிய அவ்வூர் அந்நியமாகத் தோன்றவில்லை.

யாம் சென்றிறங்கியதற்குச் சில நாள்களுக்கு முன்னர்தான், 2025 ஜூன் இறுதியில், அங்கிருந்த கடைசி நார்வேச் சுரங்கமும் மூடப்பட்டிருந்தது. நிலக்கரியால் இயங்கிய மின்நிலையம் அதற்கு முன்பே, 2023இல், டீசலுக்கு மாறியிருந்தது. எம் ஊருக்கு வடக்கே எண்ணூர் அனல் மின்நிலையம் 2017இல் மூடப்பட்டதை எண்ணிக்கொண்டோம். நிலையம் மூடப்பட்டாலும் கொசஸ்தலை ஆற்றின் கழிமுகத்தில் படிந்த சாம்பல் அகலவில்லை. அடுப்பை அணைப்பது எளிது. சாம்பலை அகற்றுவதே அரிது என்பதை இரு கரைகளும் ஒருங்கே கூறுகின்றன.

விருந்தினருக்குச் சொன்ன விதிகள்

ஏறத்தாழ நூறு பயணிகளைக் கொண்ட சிறு கப்பலில் ஏறினோம். முதல் நாள் விருந்தோ கேளிக்கையோ நடைபெறவில்லை, வகுப்பே நடைபெற்றது. கடலுயிரியல் பயின்ற வழிகாட்டி அம்மையார் ஒருவர், கரையிறங்கும்போது ஒழுக வேண்டிய முறைகளை ஒவ்வொன்றாக எடுத்துரைத்தார். ஒவ்வொருவரின் காலணி அடியும் தூரிகையால் தேய்த்துக் கழுவப்பட்டது. மேலாடையின் மடிப்புகளிலும் பைகளின் மூலைகளிலும் ஒட்டியிருக்கக்கூடிய விதைகளும் அகற்றப்பட்டன. வேற்று நாட்டு விதை ஒன்று அங்கே முளைத்துவிடலாகாது என்பது அவர்தம் கவலை. எம் துணைவியாரின் சால்வை நூலிடையே சிக்கியிருந்த சிறு நெருஞ்சி முள் ஒன்றையும் அவர்கள் கண்டெடுத்தனர்.

கரையில் உணவுண்ணலாகாது, கல்லையும் எலும்பையும் எடுத்து வரலாகாது, பாசியை மிதியாமல் நடக்க வேண்டும், கூட்டத்தை விட்டு விலகலாகாது. துப்பாக்கி ஏந்திய காவலர் முன்னும் பின்னும் வருவர். அது வேட்டைக்கன்று, கரடியிடமிருந்து மனிதரையும் மனிதரிடமிருந்து கரடியையும் காப்பதற்கு. 2025ஆம் ஆண்டின் புதிய விதிப்படி பனிக்கரடியிடமிருந்து குறைந்தது 300 மீட்டர் விலகியிருத்தல் வேண்டும். மார்ச்சு முதல் ஜூன் முடிய அவ்வெல்லை 500 மீட்டர். காப்பகப் பகுதிகளுக்குள் செல்லும் கப்பலில் 200 பயணிகளுக்கு மேல் இருக்கலாகாது. அங்கே கரையிறங்கவும் 43 இடங்களே குறிக்கப்பட்டுள்ளன.

யாம் கண்ட ஒரே பனிக்கரடி, தொலைநோக்கியில் ஒரு வெண்மணல் குவியல் போலத் தெரிந்தது. உடன்வந்த பயணி ஒருவர், "இவ்வளவு பணம் கொடுத்தும் இவ்வளவு தொலைவா?" என்று குறைபட்டார். அம்மையார் சிரித்தவாறு, "நீங்கள் கொடுத்த பணம் கரடிக்குப் போய்ச் சேரவில்லையே!" என்றார். அவ்வொரு சொல் பெரியதொரு நூலுக்கு ஈடானது. பணம் செலுத்தியவர் உரிமையாளர் ஆகிவிடார், அவர் விருந்தினரே. விருந்தினர் ஒழுக்கம் பேசுகின்ற நம் பண்பாட்டில் விருந்தோம்புவாரின் கடமை பெரிதும் பேசப்பட்டது. விருந்தாகச் செல்வாரின் கடமையை அக்கப்பலில் புதிதாகப் பயின்றோம்.

விதிகளால் விளைந்த பயனையும் நேரில் கண்டோம். மணற்றிட்டு ஒன்றில் வால்ரஸ் என்னும் கொம்புப்பல் விலங்குகள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து உறங்கிக்கொண்டிருந்தன. தந்தத்துக்காகவும் கொழுப்புக்காகவும் நூற்றாண்டுக்கணக்கில் கொல்லப்பட்டு, அத்தீவுகளில் ஏறத்தாழ அற்றுப்போன இனம் அது. 1952இல் அதனைக் கொல்லுதல் தடை செய்யப்பட்டது. பனிக்கரடிக்கு 1973இல் பாதுகாப்பு வந்தது. தடை போட்டதன்பின் வால்ரஸ் மீண்டு வந்தது. சட்டம் ஏட்டில் இருப்பதோடு நில்லாமல் காக்கவும் பட்டால், போன உயிரினமும் திரும்பும் என்பதற்கு அத்திட்டே சான்று.

மறையாத கதிரவன்

அங்கே ஏப்ரல் மூன்றாம் வாரம் முதல் ஆகஸ்டு மூன்றாம் வாரம் வரை கதிரவன் மறைவதில்லை. வானத்தைச் சுற்றிவருகிறானேயன்றிக் கடலுள் இறங்குகிறானில்லை. நள்ளிரவு பன்னிரண்டு மணிக்கு மேல்தளத்தில் நின்றபோது, எம் நிழல் நீண்டு கிடந்தது. மாலையும் யாமமும் வைகறையும் அற்ற அவ்வெளியில், சிறுபொழுதுகளை எவ்வாறு வகுப்பது? நெய்தலுக்குரிய பொழுது எற்பாடு என்றும், அது கதிரவன் சாயும் வேளை என்றும் ஆண்டுதோறும் வகுப்பில் சொல்லி வந்தோம். எற்பாடே காணாத நெய்தல் ஒன்று உலகில் உண்டு என்பதைக் கண்ணால் கண்டபோது, இலக்கணம் என்பது ஒரு நிலத்தாரின் வானத்திலிருந்து பிறந்தது என்னும் உண்மை தெளிவாயிற்று.

இஃது எமக்கு இலக்கியச் சிக்கலாக மட்டும் அமையவில்லை. தொழுகைக்கும் வேளை குறிக்க வேண்டியிருந்தது. மக்ரிபும் இஷாவும் சுபுஹும் கதிரவனின் மறைவையும் உதயத்தையும் பற்றி நிற்பவை. இரவு பகல் பிரிந்தறிய இயலாத இடத்தில், அவை பிரியும் அண்மை ஊரின் நேரத்தையோ மக்காவின் நேரத்தையோ கணக்கிட்டுத் தொழலாம் என்று மார்க்க அறிஞர்கள் வழிகாட்டியுள்ளனர். யாம் மக்காவின் நேரத்தைக் கைக்கொண்டோம். வாழ்நாள் முழுதும் மேற்கு நோக்கித் தொழுத யாம், தெற்குச் சார்ந்த தென்கிழக்கே முகம் திருப்பி நின்றோம். கப்பல் திரும்புந்தோறும் திசைகாட்டியைப் பார்த்து யாமும் திரும்பினோம்.

இவ்வியப்பை எமக்கு முன்னரே எழுதி வைத்தவர் ஒருவர் உண்டு. 921ஆம் ஆண்டில் பாக்தாதிலிருந்து கலீபா அல்முக்ததிரின் தூதுக்குழுவில் புறப்பட்டு, மறு ஆண்டு வோல்கா ஆற்றங்கரைப் பல்கர் நாட்டை அடைந்த இப்னு பத்லான், அந்நாட்டின் கோடை இரவு எத்துணைக் குறுகியது என்பதைக் குறித்துள்ளார். கூடாரத்துள் ஒருவருடன் பேசிக்கொண்டே இஷாவின் பாங்கை எதிர்நோக்கியிருந்த அவருக்குக் கேட்டதோ விடியற்காலைப் பாங்கு! இப்னு பதூதாவின் பயணக் குறிப்பிலும், பல்கருக்கு அப்பால் நாய்கள் இழுக்கும் வண்டியில் நாற்பது நாள் செல்ல வேண்டிய 'இருள் நாடு' பேசப்படுகிறது. செல்லும் துன்பம் பெரிது, பயன் சிறிது என்று கருதி அவர் அங்குச் செல்லாது விடுத்தாராம். அவர் பல்கருக்கே சென்றாரா என்று ஐயுறும் ஆய்வாளரும் உளர். பிற்காலத்தில் நம் தமிழகக் கரைக்கும் மதுரைக்கும் வந்த அப்பெரும்பயணியே, பயனைச் சீர்தூக்கிப் பார்த்துத் துருவத் திசையைத் தவிர்த்தார் என்பது, 'வீண்விரயம்' என்ற பெரியவரின் சொல்லை எமக்கு மீண்டும் நினைவூட்டியது.

கொழுப்பூரும் பழவேற்காடும்

நான்காம் நாள், தீவின் வடமேற்கு மூலையில் ஸ்மீரன்பர்க் என்னும் இடத்தை அடைந்தோம். 1596இல் டச்சு மாலுமி வில்லெம் பாரென்ட்ஸ் அத்தீவுகளைக் கண்டு, கூர்மலை நாடு என்னும் பொருளில் ஸ்பிட்ஸ்பெர்கன் என்று பெயரிட்டார். அவர் வழியே வந்த டச்சுக்காரர்கள், அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்தில் திமிங்கிலம் பிடிக்க அங்கே கூடாரமிட்டனர். ஸ்மீரன்பர்க் என்றால் கொழுப்பூர் என்று பொருள் கொள்ளலாம். திமிங்கிலக் கொழுப்பை உருக்கிய அடுப்புகளின் அடித்தளம் இன்றும் கரையில் கருகிக் கிடக்கிறது. அவ்வெண்ணெய் ஐரோப்பிய நகரங்களில் விளக்கெரிக்கவும் சவர்க்காரம் செய்யவும் சென்றது. திமிங்கிலம் குறைந்தது, ஊரும் 1660ஆம் ஆண்டளவில் அழிந்தது. வால்ரசுக்கு வாய்த்த மீட்சி, அக்கடலின் திமிங்கிலத்துக்கு இன்னும் முழுமையாக வாய்க்கவில்லை.

அவ்வடுப்புகளின் அருகே நின்றபோது எம் மனம் பழவேற்காட்டுக்குச் சென்றது. எண்ணூருக்கு வடக்கே உள்ள அவ்வூரில் அதே டச்சுக்காரர்கள், அதே காலத்தில், 1613இல் கெல்ட்ரியா கோட்டையைக் கட்டி முடித்தனர். அங்கே அவர்கள் நாடியது நெய்த துணியை. இங்கே நாடியது கொழுப்பை. இரு கரைகளிலும் அவர்களின் கல்லறைகள் எஞ்சியுள்ளன. வணிகத்தின் கைக்குத் துருவமும் தமிழ்க்கரையும் அன்றே ஒன்றாகத்தான் இருந்தன. நாம்தான் அவற்றை வெவ்வேறு உலகங்கள் என்று எண்ணியிருந்தோம்.

ஹிமாத்ரியும் பள்ளிக்கரணையும்

ஐந்தாம் நாள் நி-ஆலெசுண்டு என்னும் சிற்றூரில் இறங்கினோம். அதுவும் நிலக்கரி ஊராகவே தொடங்கியது. 1962இல் நிகழ்ந்த சுரங்க வெடிப்பில் 21 பேர் மாண்டனர். மறு ஆண்டில் சுரங்கம் மூடப்பட்டது. அதன்பின் அவ்வூர் பல நாட்டு ஆய்வாளர்களின் ஊராயிற்று. கருவிகளுக்கு இடையூறு நேராதிருக்க, கைப்பேசிகளையெல்லாம் கப்பலிலேயே அணைத்துவிட்டு இறங்கப் பணித்தனர். அங்கே, 2008ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் திறக்கப்பெற்ற இந்திய ஆய்வு நிலையமாகிய ஹிமாத்ரியைக் கண்டோம். பெரிய மாளிகை அன்று, எளிய மரவீடு. ஆயினும் அதன் முகப்பில் நம் நாட்டின் பெயரைக் கண்டபோது எம் துணைவியாரின் கண்கள் கலங்கின. ஸ்வால்பார்டு தீவுகளைப் பற்றிய 1920ஆம் ஆண்டு உடன்படிக்கையில், பிரிட்டிஷார் ஆட்சியின் கீழிருந்த இந்தியாவும் ஒரு தரப்பாகச் சேர்க்கப்பட்டிருந்தது என்பது பலர் அறியாத செய்தி.

அவ்வூரின் எதிரே விரிந்த காங்ஸ்ஃபியோர்டு என்னும் கடற்கழியைக் காட்டி, அதன் அடியில் இந்தியக் கருவி ஒன்று நங்கூரமிடப்பட்ட வரலாற்றை அம்மையார் கூறினார். நீரின் வெப்பம், உப்பு, நீரோட்டம் ஆகியவற்றை அளக்கும் அக்கருவித்தொகுதி 2014ஆம் ஆண்டு ஜூலையில் இறக்கப்பட்டது. அதனை அமைப்பதில் முன்நின்றது சென்னைப் பள்ளிக்கரணையில் உள்ள தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம். துருவக் கடலின் மாற்றத்துக்கும் நம் பருவமழைக்கும் உள்ள தொடர்பை ஆராய்வது அம்முயற்சியின் நோக்கங்களுள் ஒன்று. எம் வீட்டிலிருந்து ஒரு பேருந்தோ இரண்டு பேருந்தோ மாறிச் சென்றால் அடையத்தக்க நிறுவனத்தின் பெருமையை, உலகின் மறுமுனையில் அயல்நாட்டார் சொல்லக் கேட்டோம்.

எதிர்க்கரையில் ஒரு தீவு தெரிந்தது. அதன் பழம்பெயரோ 'பிளாம்ஸ்டிராண்டு தீபகற்பம்'. பெருநிலத்தோடு அதனை இணைத்தது நிலமென்று எண்ணியே அவ்வாறு பெயரிட்டனர். பனியாறு பின்வாங்கிய பின்னர்தான், இணைத்திருந்தது பனியே என்றும், அது தீவு என்றும் 1990களில் தெரியவந்தது. நிலவியல் நூலின் ஒரு சொல்லைப் பனி உருகி மாற்றியெழுதியது. 1979 முதல் ஆர்க்டிக் பகுதி உலகச் சராசரியைப் போல ஏறத்தாழ நான்கு மடங்கு விரைவாக வெப்பமடைந்துள்ளது என்று ஆய்வாளர் கணித்துள்ளனர். எண்ணாகக் கேட்டபோது உறைக்காத அச்செய்தி, பெயர் பொய்த்துப்போன அத்தீவைக் கண்டபோது உறைத்தது.

உருகும் பனியும் அரிக்கும் கடலும்

காற்றடைத்த ரப்பர் படகில் பனியாற்றின் முகத்துக்குச் சென்றோம். நீல நிறச் சுவர் ஒன்று கடலில் காலூன்றி நின்றது. இடிபோல் ஓசையெழுப்பி அதன் ஒரு பகுதி சரிந்தது. படகைச் சுற்றி மிதந்த சிறு துண்டுகளிலிருந்து, எண்ணெயில் அப்பளம் பொரிவது போன்ற ஒலி எழுந்தது. பன்னெடுங்காலம் முன்பு பனியினுள் சிறைப்பட்ட காற்று, குமிழ் உடைந்து வெளியேறும் ஒலி அது என்றார் அம்மையார்.

இவ்விடத்தில் மாணவர் ஓர் உண்மையைத் தெளிந்துகொள்ள வேண்டும். சர்பத்துக் குவளையில் மிதக்கும் ஐஸ்கட்டி கரைந்தாலும் குவளை வழிவதில்லை. அதுபோலக் கடல்மேல் மிதக்கும் பனி உருகுவதால் கடல்மட்டம் உயர்வது மிகச் சிறிதே. நிலத்தின் மேல் படிந்துள்ள பனியாறுகள் உருகிக் கடலில் சேர்வது, குவளைக்கு வெளியிலிருந்து நீர் ஊற்றுவதற்கு ஒப்பாகும். கடல்நீர் சூடேறி விரிவதும் அதனோடு சேரும்.

எம் கரை கடலரிப்பால் தேய்ந்து வருவதைச் சொன்னபோது, உடனிருந்தோர் அதற்கும் துருவப் பனியே காரணம் என்று முடிவு கட்டினர். யாம் அதனை மறுத்தோம். திருவொற்றியூர்க் கரையின் அரிப்பு பெரிதும் மனிதர் கட்டிய சுவரால் நேர்ந்தது. 1870களில் சென்னைத் துறைமுகத்துக்காகக் கடலுள் கற்சுவர்கள் நீட்டப்பட்டன. தெற்கிலிருந்து வடக்கு நோக்கிக் கரையோரமாக நகரும் மணல் அச்சுவரில் தேங்கியது. தெற்கே மெரீனா அகன்றது. வடக்கே இராயபுரம் தொடங்கி எம் கரை வரை மணலின்றிக் கடல் நிலத்தைத் தின்றது. இன்று கற்களைக் கொட்டியும் தூண்டில் வளைவுகளை அமைத்தும் அதனைத் தடுக்க முயல்கின்றனர். உயரும் கடல் இனி அத்துன்பத்தின்மேல் துன்பமாக வந்து சேரும். எல்லாப் பழியையும் தொலைவில் உள்ள பனியின்மேல் ஏற்றிவிட்டால், அருகில் உள்ள சுவரை எவரும் கேள்வி கேட்கமாட்டார். காரணத்தைச் சரியாக அறிதல் நீதியின் முதற்படியாகும்.

மீனவரின் வினாவுக்கு விடை

கடைசி மாலை, அல்லது கடிகாரம் மாலை என்று சொன்ன வேளையில், மூத்த மீனவரின் வினாவை அம்மையாரிடம் வைத்தோம். இங்கே எண்ணெய் கொட்டினால் யார் அள்ளுவார்கள்? அவர் சிறிது நேரம் எண்ணிப் பார்த்து, "அள்ளுவதற்கு இங்கே ஆள் இல்லை; ஆதலால் அதனைக் கொண்டுவரவே கூடாது என்று சட்டம் செய்தோம்" என்றார். 2022ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாளிலிருந்து, ஸ்வால்பார்டு கடற்பரப்பில் ஃபர்னஸ் ஆயில் எனப்படும் கனத்த எரியெண்ணெயைக் கப்பல்கள் பயன்படுத்துவதும் எடுத்துச் செல்வதும் தடை செய்யப்பட்டுள்ளன. அண்டார்டிகாக் கடலில் அத்தடை 2011ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டது. எம் கப்பல் இலகுவான எண்ணெயிலேயே இயங்கியது.

அவ்விடை எம்மை அன்று உறங்கவிடவில்லை. ஆள் இல்லாத கரையில் எண்ணெய்க்குத் தடை. ஆள் நிறைந்த கரையில் வாளி! 2017இல் எம் கரையில் ஒதுங்கியதும் அத்தகைய கனத்த எண்ணெயே. மீனவரும் இளைஞரும் தொண்டர்களும் வெறுங்கையாலும் வாளியாலும் அதனை அள்ளினர். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து எண்ணூர்க் கழிமுகத்தில் பரவியபோதும், வலையும் படகும் கருத்தன. அள்ளிய கைகள் அவர்களுடையவையே. அள்ளுவதற்கு எளியோர் இருக்கின்றனர் என்பதனாலேயே ஒரு கரை அழுக்காகலாம் என்று உலகம் கருதுமானால், அஃது இயற்கையின் பிழையன்று, நீதியின் குறை. பனிக்கரடிக்கு 300 மீட்டர் கொடுக்கத் தெரிந்த மனிதகுலம், முகத்துவாரத்தில் இறால் பிடிக்கும் பெண்ணுக்கு எத்தனை மீட்டர் கொடுக்கும் என்று கேட்க வேண்டிய கடமை கற்றவர்களுக்கு உண்டு.

முடிவுரை

இத்தகைய பயணம் தகுமா என்னும் பெரியவரின் வினாவுக்கு எம் கருத்தைக் கூறி முடிக்கிறோம். வானூர்தியும் கப்பலும் எரிக்கும் எண்ணெயும் பனியை உருக்கும் வெப்பத்தில் ஒரு பங்கேயாகும். ஆகையால், அனைவரும் துருவம் காணப் புறப்படுக என்று யாம் எழுதமாட்டோம். மறைந்துபோகும் முன்னர்ப் பார்த்துவிடுங்கள் என்று விளம்பரம் செய்வோரின் அழைப்பு, நோயாளியின் கட்டிலைச் சுற்றிக் கூட்டம் கூட்டுவதற்கு ஒப்பாகும். செல்ல வாய்ப்புடையோர் சிறிய கப்பலில், விதிகளை மதித்து, ஒருமுறை சென்று, கண்டதைப் பத்துப் பேருக்குச் சொல்லுவாராயின் அச்செலவில் ஒரு பகுதியேனும் பயனுடையதாகும்.

மாணவர்களே! உங்களுக்குப் பனிக்கடல் தொலைவில் இல்லை. அடுத்த விடுமுறையில் பத்துப் பேராகச் சேர்ந்து பழவேற்காட்டு ஏரிக்கும் டச்சுக் கல்லறைகளுக்கும் செல்லுங்கள். எண்ணூர் முகத்துவாரத்தில் ஒரு நாள் மீனவர் அருகே அமர்ந்து, சாம்பல் எங்கே படிகிறது, மீன் எங்கே குறைந்தது என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். கடலறிவியல் பயில விழைவோர் பள்ளிக்கரணை நிறுவனத்தை இலக்காகக் கொள்ளுங்கள்; காசிம் அவர்கள் சென்ற கப்பலில் அடுத்த தலைமுறைக்கும் இடம் உண்டு. சட்டம் பயில விழைவோர், கனத்த எண்ணெய்க்குத் துருவங்களில் உள்ள தடை நம் கழிமுகங்களுக்கு ஏன் இல்லை என்று வினவுங்கள்.

செல்லும் இடமெல்லாம் விருந்தினராக நடந்துகொள்ளுங்கள். முதலில் சொந்தக் கரையில். காலணியைத் தேய்த்துக் கழுவிக்கொண்டு பனியில் இறங்கும் ஒழுக்கம், எம் விம்கோ நகர்க் கடற்கரைக்கும் உரியதே. அந்த ஒழுக்கத்தை இம்மண்ணில் நிலைநிறுத்தும் ஆற்றலை இளைய தலைமுறைக்கு வல்ல இறைவன் அருள்வானாக!